25 சதவீதம் என்று போட்ட மூட்டை: ஒரு பன்றிக்குட்டித் தீவனக் கலவையை மூன்று மாதம் பார்த்த கதை

சிங்கப்பூரில் இன்று ஒரு பன்றிப் பண்ணைகூடக் கிடையாது. அப்படியிருக்க, உட்லண்ட்ஸில் ஒன்பதாம் மாடி வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் உட்கார்ந்து பன்றிக்குட்டித் தீவனத்துக்கு விமர்சனம் எழுதுகிறவன் யார் என்று கேட்கலாம். அப்பா காலத்திலிருந்தே ஒட்டிக்கொண்ட வாடை இது. அவர் பொங்கோல் பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டினார். டோஃபு பட்டறைகளில் மிஞ்சும் சோயாச் சக்கை, சாப்பாட்டுக் கடைகளில் மிஞ்சும் எச்சில், தவிடு எல்லாம் அந்த லாரியில்தான் போகும். வீட்டுக்கு வந்ததும் அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தி வாளித் தண்ணீரைக் கையில் கொடுப்பார். 1984-இல் பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. அடுத்த ஆறேழு வருஷத்துக்குள் கொட்டகைகள் எல்லாம் போய்விட்டன. இன்று அந்தப் பக்கம் போனால் நீர்வழியும் சைக்கிள் பாதையும்தான் தெரியும். அப்பா பார்த்தால் நம்பமாட்டார்.

நான் லாரி ஓட்டவில்லை. தீவனப் பொருள் வாங்கி விற்கும் ஓர் அலுவலகத்தில் 22 வருஷம் உட்கார்ந்தேன். சோயாப் பிண்ணாக்கு, மீன் தூள், லைசின் (புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று) என்று கப்பலில் வரும் ஒவ்வொரு சரக்குக்கும் ஆய்வகச் சான்றிதழைப் படித்து, இதை ஏற்கலாம், இதைத் திருப்பி அனுப்பு என்று சொல்வது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. மலேசியாவின் ஜொகூரில் 80 தாய்ப்பன்றி வைத்திருக்கும் ஒரு தவுக்கே (முதலாளி) என் பழைய நண்பர். பொங்கோலில் அப்பா தீவனம் இறக்கிய வீட்டுப் பிள்ளை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹொக்கியன் அரைகுறை. பண்ணையை நடத்துவது மண்டோர் (மேற்பார்வையாளர்). அவர் தமிழர், என்னைவிட நாலு வயது இளையவர், என்னை அண்ணே என்பார். இந்த விமர்சனத்தில் பாதி அவருடைய கண்.

(நான் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. அது வேறு கதை.)

பொருள் இதுதான்: தாய்ப்பால் மறந்த குட்டிகளுக்கான புரதக் கலவை. கடையில் வாங்கியபடி அப்படியே போடுகிற தீவனம் இல்லை. 30 கிலோ கலவையுடன் 50 கிலோ மக்காச்சோளமும் 20 கிலோ சோயாப் பிண்ணாக்கும் நாமே சேர்த்து அரைத்துக் கலக்க வேண்டும். 20 கிலோ மூட்டை 92 ரிங்கிட். விற்பவர்களுக்கு அலுவலகம் சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில், ஒரு தொழிற்பேட்டைப் புளோக்கில். சரக்கு மட்டும் ஜொகூர்க் கிடங்கிலிருந்து போகிறது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அதனால்.

இதற்கு முன்பு தவுக்கே வாங்கிக்கொண்டிருந்த கலவை மூட்டைக்கு 68 ரிங்கிட். அதில் புரதம் 35 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். புதியதில் 25 சதவீதம்தான். தவுக்கே என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: விலை கூட, புரதம் குறைவு, இதை நான் ஏன் வாங்க வேண்டும்?

நியாயமான கேள்வி. 22 வருஷமாக வாடிக்கையாளர்கள் எல்லாரும் என்னிடம் கேட்ட கேள்வியும்கூட.

பழைய மூட்டையில் லைசின் 1.6 சதவீதம், புதியதில் 2.5. இந்த எண்ணை இரண்டு மூட்டையிலும் பின்பக்கம், சோற்றுப் பருக்கை அளவு எழுத்தில் போட்டிருந்தார்கள். சோளத்தையும் சோயாவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய கலவையில் முடிவுத் தீவனத்தின் புரதம் 23.7 சதவீதம், லைசின் 1.18. புதியதில் புரதம் 20.7, லைசின் 1.45. மூன்று சதவீதம் புரதம் இறங்கியிருக்கிறது, லைசின் ஏறியிருக்கிறது. தவுக்கேயிடம் இதைச் சொல்லத் தேக்கா பூக்கடைதான் கை கொடுத்தது. மாலை கட்டுகிறவர் பத்து மல்லிகைக்கு ஒரு ரோஜா என்று வைத்துக் கட்டுகிறார். கூடை நிறைய மல்லிகை இருந்தாலும் ரோஜா தீர்ந்த இடத்தில் மாலை நின்றுவிடும். பன்றிக்குட்டிக்கு அந்த ரோஜா லைசின். மிஞ்சிய மல்லிகை கூடையிலேயே அழுகுகிற மாதிரி, பயன்படாத புரதம் குட்டியின் பெருங்குடலில் போய்ப் புளித்து அம்மோனியாவாகவும் வேறு நச்சுகளாகவும் மாறும். கழிச்சலுக்கு அது ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் பல ஊர்களில் இப்போது குட்டித் தீவனத்தின் புரதத்தைக் குறைத்து, தனி அமினோ அமிலங்களைச் சேர்க்கிறார்கள். முன்பு டன்னுக்கு இரண்டரை, மூன்று கிலோ துத்தநாக ஆக்சைடைப் போட்டுக் கழிச்சலை அமுக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் அதை நிறுத்திவிட்டது.

தவுக்கே பூக்கடை உவமையைக் கேட்டுச் சிரித்தார். ஆனால் வாங்கினார்.

உபி அலுவலகத்துக்கு ஒரு புதன்கிழமை போனேன். மேலே உணவுத் தொழிற்சாலைகள், கீழே கோப்பிக்கடை, சாமான் லிஃப்டில் மீன் தூள் வாடை. அந்த வாடையில் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது என்று சொன்னால் என் மனைவி அடிப்பாள். தொழில்நுட்பப் பிரிவில் ஒரு தமிழ்ப் பெண், வயது முப்பதுக்குள். மூட்டையில் 'பால் பொருள், விலங்குப் புரதம், சோயாப் புரதம், அமினோ அமிலங்கள்' என்று மட்டும் இருந்ததே, விலங்குப் புரதம் என்றால் என்ன என்று கேட்டேன்.

“பிளாஸ்மாவும் மீன் தூளும் அங்கிள். ஆனா எவ்வளவுன்னு சொல்ல முடியாது, கம்பெனி ரகசியம்.”

“எவ்வளவுன்னு வேண்டாம்மா. பிளாஸ்மாவா, இரத்தத் தூளா, அதைச் சொல்லு போதும்.”

“பிளாஸ்மாதான். இரத்தத் தூள் போடறதில்ல.”

“பன்றியோடதா, மாட்டோடதா?”

கொஞ்சம் யோசித்து, “கேட்டுச் சொல்றேன் அங்கிள்” என்றாள்.

கேள்விகள் வீணுக்கு இல்லை. பிளாஸ்மா என்பது இரத்தத்தின் நீர்ப்பகுதியைத் தூவி உலர்த்திய பொடி. ஏறத்தாழ 78 சதவீதம் புரதம், லைசினும் நிறைய. தாய்ப்பால் நின்ற முதல் வாரத்தில் குட்டிகளைத் தீவனத்தின் பக்கம் இழுப்பதில் அதற்கு இணை அபூர்வம். அதிலுள்ள எதிர்ப்புப் புரதங்கள் குடலுக்கும் நல்லது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சாதாரண இரத்தத் தூள் வேறு கதை: லியூசின் வழிகிறது, ஐசோலியூசின் வற்றிக் கிடக்கிறது. இரண்டையும் 'விலங்குப் புரதம்' என்ற ஒரே பெயரில் எழுதுவது, கீரையையும் கறியையும் 'பக்க உணவு' என்று பில் போடுவது மாதிரி. பன்றியா மாடா என்று கேட்டதற்கும் காரணம் உண்டு. 2013, 2014-இல் வட அமெரிக்காவில் குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்குக் கிருமி பரவியபோது பன்றிப் பிளாஸ்மாமீதும் சந்தேகம் விழுந்தது. அதோடு, இந்தப் பக்கம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இல் மலேசியாவுக்குள் வந்தது. 2023 ஏப்ரலில் இந்தோனேசியாவின் புலாவ் புலானிலிருந்து இங்கே வந்த பன்றிகளிலும் அதைக் கண்டுபிடித்து இறக்குமதியை நிறுத்தினார்கள். எங்கள் ஈரச்சந்தையில் பன்றி விற்கும் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் எந்த மிருகத்தின் இரத்தம் என்று கேட்பது குசும்பு இல்லை.

பதில் வந்தது. மாட்டுப் பிளாஸ்மா. அமினோ அமில ஆய்வுச் சான்றிதழும் வந்தது. ஆனால் பதினோரு நாள் கழித்து, நான் இரண்டு முறை நினைவூட்டிய பிறகு. அந்தப் பெண்ணின்மீது குறை இல்லை, மேலிடத்தில் யாரோ உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். சான்றிதழ் நன்றாகவே இருந்தது. லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபன், வேலின் வரை தனித்தனியாக எண் கொடுத்திருந்தார்கள். பழைய கலவைக்காரர்களிடம் இதே சான்றிதழ் கேட்டபோது 'மொத்தப் புரதம்' என்று ஒற்றை எண் வந்தது. அந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? 1883-இல் கெல்டால் என்ற டேனிஷ்காரர் கண்டுபிடித்த முறையில் நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். யூரியாவைப் போட்டாலும் அது புரதம் என்றே காட்டும்; நூறு கிராம் யூரியா கிட்டத்தட்ட 290 கிராம் 'புரதம்'. 2008-இல் சீனப் பால் பொடியில் மெலமைன் போட்டதும் இந்த ஓட்டை வழியாகத்தான். பழைய மூட்டையில் யூரியா இருந்தது என்று நான் சொல்லவில்லை. கைக்கண்ணாடியில் பார்த்தபோது கண்ணாடிச் சில்லு மாதிரித் துணுக்குகள் தெரிந்தன. இறகுத் தூள் என்று என் அனுபவம் சொல்கிறது. இறகில் புரதம் எண்பதைத் தாண்டும். லைசின் சொற்பம். குட்டியின் வயிற்றுக்கு அது கோழியின் சட்டை.

சரி, குட்டிகளுக்கு வருவோம்.

முதல் தொகுதியில் 21 குட்டிகள், 26 நாளில் பால் மறக்கவைத்தவை. நான் பண்ணைக்குள் கால் வைக்கவில்லை. காய்ச்சல் பயத்தில் தவுக்கே வெளியாள் யாரையும் விடுவதில்லை, அதுவே சரி. மண்டோர் வாட்ஸ்அப்பில் காணொளி அனுப்புவார். முதல் இரண்டு நாள் குட்டிகள் தொட்டிக்கு வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே மகிழ்ச்சி. நாலாம் நாள் காலை ஆறு மணிக்குப் போன்.

“அண்ணே, ஒன்பது குட்டி கழியுது. உங்க புது மருந்து சரியில்லண்ணே.”

'உங்க' என்று சொன்னதைக் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடற்பாலத்தைத் தாண்டிப் போனேன். பண்ணைக்கு வெளியே, ரோட்டோரம், தீவனக் கொட்டகை தனியாக இருக்கிறது; அதற்குள் போகலாம். பையில் நான் கொண்டுபோனது ஒரே ஒரு சாமான்: நீச்சல்குளத் தண்ணீரைச் சோதிக்கும் பெட்டியில் வரும் சின்னக் குப்பி. என் மகன் இருக்கும் கொண்டோவில் வாங்கி வைத்தது. அதிலுள்ள சிவப்புச் சாயத்துக்குப் பெயர் பீனால் ரெட். யூரியா உரம் மண்டோரிடமே இருந்தது, வாழைக்குப் போடுகிறார். ஒரு தேக்கரண்டி யூரியாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துச் சாயத்தை விட்டால் உடனே இளஞ்சிவப்பாகிவிட்டது. தண்ணீர் காரத்தன்மை. போத்தல் தண்ணீரில் மறுபடி கலக்கினேன். இந்த முறை தேன் நிறத்தில் நின்றது. மண்டோர் வீட்டம்மாவின் தேநீர்ச் சாசர் ஒன்றில் சோயாப் பிண்ணாக்கைப் பரப்பி, நனையும் அளவுக்கு அதை ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம்.

இரண்டு நிமிஷத்தில் அங்கங்கே சிவப்புப் பொட்டு. ஐந்து நிமிஷத்தில் முக்கால் சாசர் சிவந்துவிட்டது. மண்டோர் குனிந்து பார்த்துவிட்டு, “வெத்தல போட்ட வாய் மாதிரி இருக்குண்ணே” என்றார்.

பச்சைச் சோயாவில் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அம்மோனியா காரம், அதனால்தான் சாயம் சிவக்கிறது. அந்த நொதியால் பன்றிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் எவ்வளவு வெப்பத்தில் சாகிறதோ, ஏறத்தாழ அதே வெப்பத்தில் இதுவும் சாகும். ஆக, சாசர் சிவந்தால் பிண்ணாக்கு சரியாக வறுபடவில்லை என்று அர்த்தம். நாலைந்து புள்ளி மட்டும் தெரிவதுதான் நல்ல சரக்கு. அரை மணி நேரம் வைத்தும் ஒரு புள்ளிகூட வராவிட்டால் அதுவும் சந்தேகம்தான், கருக வறுத்திருப்பார்கள். முறுகல் தோசைக்கு நிறமும் மணமும் கொடுக்கிற அதே வினை, லைசினைச் சர்க்கரையோடு பிணைத்துக் குட்டிக்குக் கிடைக்காமல் செய்துவிடும். இந்த ஒரு சாசர் வேலையை 22 வருஷத்தில் நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். என் நண்பர் பண்ணையில் அதை முதலிலேயே செய்யத் தோன்றவில்லை.

கேட்டால், போன மாதம்தான் வேறு கடையில் மலிவாகக் கிடைத்தது என்று தவுக்கே 40 மூட்டை சோயா இறக்கியிருக்கிறார். கலவை நிரபராதி. சோயாவை மாற்றினோம். பழையதைப் பெரிய பன்றிகளின் தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்த்தார் என்று கேள்வி. வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இரண்டாம் தொகுதி 23 குட்டிகள். பால் மறந்த அன்று சராசரி 7.2 கிலோ, 14 நாள் கழித்து 10.4. கழிந்தவை மூன்று, அவையும் இரண்டே நாளில் சரியாகின. பழைய கலவையில் மண்டோரின் நோட்டுப்படி அதே 14 நாளில் சராசரி 9.3-தான் வந்திருக்கிறது. இதை அப்படியே கலவையின் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோயாவும் மாறியது, மழைக்காலமும் முடிந்தது, இரண்டையும் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்து அறையில் வைத்து நான் பார்க்கவில்லை. ஆனால் செலவுக் கணக்கு எளிது. மூட்டை விலை வித்தியாசத்தால் நூறு கிலோ தீவனத்துக்கு 36 ரிங்கிட் கூடுகிறது. குட்டி ஒன்று அந்த இரண்டு வாரத்தில் நாலு கிலோ சாப்பிட்டால் ஒன்றரை ரிங்கிட்டுக்கும் குறைவு. வித்தியாசத்தில் பாதி மட்டும் கலவையால் வந்தது என்றாலும் தவுக்கேக்கு லாபம்.

இனி குறைகள்.

பெரிய குறை, கலக்கும் அட்டவணை. ஐந்து கிலோ குட்டிக்கும் பத்துக் கிலோ குட்டிக்கும் ஒரே 30 கிலோ. இது தவறு. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012-இல் கொடுத்த அளவுப்படி, 5 முதல் 7 கிலோ வரையான குட்டிக்குத் தீவனத்தில் செரிக்கக்கூடிய லைசின் 1.50 சதவீதம் வேண்டும். 7 முதல் 11 கிலோ வரை 1.35. இந்தக் கலவையில் மொத்த லைசினே 1.45, செரிப்பது 1.3 பக்கம்தான் வரும். பெரிய குட்டிக்குக் கிட்டத்தட்டச் சரி. பின்தங்கிய சின்னக் குட்டிக்குப் போதாது. அவற்றைத் தனி அறையில் போட்டு, சோளத்தைக் குறைத்துக் கலவையை 40 கிலோவாக ஏற்றுங்கள் என்று மண்டோரிடம் சொன்னேன். இதை மூட்டையிலேயே இரண்டு வரியில் அச்சிட முடியாதா?

அடுத்தது மூட்டை. பால் பொருள் என்றால் முக்கியமாக மோர்ப்பொடி. அதில் புரதம் 12 சதவீதம்தான், மிச்சம் பெரும்பாலும் பால் சர்க்கரை. அது குட்டிக்குத் தேவை, ஆனால் ஈரத்தை இழுக்கும். உள்ளே பிளாஸ்டிக் உறை இல்லாத மூட்டையில், டிசம்பர் மழையில், ஜொகூர்க் கொட்டகையில் அதை வைத்தால் என்ன ஆகும்? பனைவெல்லம் மாதிரிக் கட்டியாகிவிட்டது. இரண்டு மூட்டையைச் சுத்தியலால் உடைத்தார் மண்டோர். புகார் சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடுத்த சரக்கும் அதே மாதிரி மூட்டையில்தான் வந்தது. மீன் வாடையும் தொகுதிக்குத் தொகுதி ஏறி இறங்குகிறது. மீன் தூள் ஒரே இடத்திலிருந்து வரவில்லை போலும். குட்டிக்கு மூக்கு நம்மைவிடக் கூர்மை. வாடை மாறிய அன்று தொட்டியில் மிச்சம் கிடந்தது.

நாமக்கல் பக்கம் வெண்பன்றி வளர்க்கும் என் பெரியப்பா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி தம்பி, எங்க ஊர்ல கடலப் பிண்ணாக்குதான் இருக்கு, அதப் போட்டா ஆகாதா” என்றார். பெரிய பன்றிக்குப் போடலாம் அண்ணே, பால் மறந்த குட்டிக்கு வேண்டாம் என்றேன். கடலைப் பிண்ணாக்கில் புரதம் சோயாவுக்குப் பக்கத்தில் நிற்கும், லைசின் கிட்டத்தட்டப் பாதிதான். பூஞ்சை நச்சு வேறு. கருவாட்டுத் தூள் போடுகிறவர்கள் ஒரு பிடியைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டுப் பாருங்கள். அடியில் தங்கும் மணலுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். நல்ல சோயாவோடு பொட்டல லைசினும் மெத்தியோனினும் திரியோனினும் அளந்து சேர்த்தால், பிளாஸ்மா இல்லாமலே ஓரளவு சமாளிக்கலாம். அந்த லைசின் ஒன்றும் மர்ம மருந்து இல்லை. அஜினோமோட்டோ உப்பைத் தயாரிக்கும் அதே வகைப் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று கொடுப்பதுதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். உள்ளே இருக்கும் சரக்குக்கு நாலு. அட்டவணைக்கும் மூட்டைக்கும் அந்தப் பதினோரு நாளுக்கும் அரை கழித்தாயிற்று. தவுக்கே அடுத்த மாதத்துக்கு 30 மூட்டை சொல்லியிருக்கிறார்.

சாசர் இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது, வீட்டம்மா திரும்ப வாங்க மறுத்துவிட்டார். குளத்துக் குப்பியையும் அங்கேயே விட்டு வந்தேன். சோயா லாரி வந்தால் மூட்டை இறக்குவதற்கு முன்னால் மண்டோர் டிரைவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுக்கிறாராம், ஐந்து நிமிஷம் ஆக வேண்டுமே. நேற்று ஒரு படம் அனுப்பினார்: தேன் நிறத் தண்ணீர், மஞ்சள் தூள், நடுவில் நாலே நாலு சிவப்புப் புள்ளி. கீழே ஒரு வரி: “இறக்கச் சொல்லிட்டேண்ணே.”